எட்டு சிலிண்டரும் ஒரு தெருவும்

"பேட்டரி செத்துப் போச்சு, பாய்," என்றார் மெக்கானிக் மாரிச்சாமி, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

"இப்பதானே, கோ மாரி, புதுசு போட்டீங்க?" என்றார் பர்கத்துல்லா. பர்மாவில் 'கோ' என்றால் அண்ணன்.

"புதுசு போட்டதாலதான். பழைய டைனமோவுக்குப் புது பேட்டரியப் பார்த்ததும் ரோஷம் வந்துருச்சு. கண்டபடி சார்ஜ் ஏத்திப் பொசுக்கிப்புடுச்சு."

யாங்கூன் லான்மடாவில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் பர்கத்துல்லாவுக்கு ரோஷம் புரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மகள் இன்ஷாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் பள்ளிவாசலுக்குப் போவார் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

கார் அமெரிக்காவில் செய்தது. சிவப்பு நிறம், எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. முதுகில் இன்னொரு காரை ஏற்றலாம் போன்ற உடம்பு. சொந்த ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு கப்பல் ஏஜெண்டிடம், சொன்ன விலையில் சரிபாதிக்கு அடித்துப் பேசி வாங்கினார். பேரத்தில் தோற்றவன் அழ வேண்டும். போகட்டும், ஒரு பெருமூச்சாவது விட வேண்டும். அந்த ஏஜெண்டோ சிரித்த முகமாக டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். நாலு தலைமுறை வியாபாரக் குடும்பத்தில் பிறந்த பர்கத்துல்லா அதைக் கவனிக்காமல் விட்டது வியப்புதான்.

குறைத்த பாதியைக் கார் தானே வசூலித்துக்கொண்டது. பெட்ரோல் போட வரிசையில் நிற்கும்போதே இருக்கிற பெட்ரோலைக் குடித்து முடிக்கும். ஒரு சிக்னலில் கொதிக்கும். அடுத்த சிக்னலில் ஆவி விடும். அடியில் ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க அவர் மனைவி மைமூன் பிரியாணிச் சட்டி ஒன்றைத் தியாகம் செய்திருந்தாள். உதிரிப் பாகங்கள் பாங்காக்கிலிருந்து, மாப்பிள்ளை வீட்டார் போல, தங்களுக்குத் தோன்றிய நாளில் வந்தன.

எல்லாவற்றையும் விடப் பெரிது அதன் சத்தம். அந்தத் தெருவில் எல்லாம் ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப். பேப்பர்காரரோ மீன்காரம்மாவோ சாமானைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரி தூக்கிக்கொள்வாள். பர்கத்துல்லா காரை ஸ்டார்ட் செய்தால் தெருவே அதிர்ந்து அத்தனை மணியும் ஒன்றாக அடிக்கும். பெண்கள் அடுப்பை விட்டு ஓடி வந்து கயிற்றைத் தூக்கினால் கிளிப்பில் வெறும் புகைதான் வரும். மீன்காரம்மா செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கினாள்.

"கம்பீரமா இருக்குல்ல?" என்று கேட்பார் பர்கத்துல்லா.

"ரொம்ப," என்பார்கள் பால்கனிகளிலிருந்து.

போன மாதம் மூன்றாம் மாடி சொர்ணம்மாள் வழக்கம்போல வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்கிக்கொண்டு தெருச் சந்தாவுக்கு வந்தாள்.

"பத்தாயிரம் கியாட், பாய்."

"எதுக்கெல்லாம்?"

"தெருவிளக்கு, சாக்கடை, நாய்க்கு ஊசி, அப்புறம் பொது நிம்மதி."

"அதென்ன பொது நிம்மதி?"

"தெரு நிம்மதியா இருக்க வேணாமா?"

"எனக்கு அஞ்சாயிரத்து நிம்மதி போதும்."

"கொறைச்சா வேலையும் கொறைச்சலாத்தான் நடக்கும். அப்புறம் என்னையச் சொல்லப்படாது," என்று அவள் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

நல்ல பேரம் செய்த கைக்கு நல்லதே நடக்கும் என்பது பர்கத்துல்லாவின் நம்பிக்கை. அப்படியே நடந்தது. அந்த வாரம் கார் மூன்று நாள் தொடர்ந்து ஓடியது. மணிகள் கோயில் திருவிழாபோல் அடித்தன. அந்தத் தெம்பில்தான் அவர் மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்தார். நான்காம் நாள் கார் வாயை மூடிக்கொண்டது.

இப்போது மைமூனின் தம்பி ஜுல்ஃபிகர் தினம் கடைக்கு வந்து போனான். அவனிடம் இருப்பது சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஜப்பான் கார், ஒருநாளும் நின்றதில்லை.

"என் வண்டியக் கழுவி வைக்கட்டா, மச்சான்? மாப்பிள்ளை கொஞ்சம் மடங்கி உட்கார்ந்தா போதும்."

"ஒண்ணும் வேணாம். உன் வண்டியில உப்பு மூட்டை ஏத்து."

டைனமோ மாற்றப்பட்டது. காருக்குத் தெம்பு வந்து ரேடியேட்டர் கொதித்தது. பெரிய ஃபேன் போட்டார்கள். ஃபேன் சுற்றிய வேகத்தில் பெல்ட் அறுந்து, போகிற போக்கில் தண்ணீர்க் குழாயையும் கிழித்தது. குழாயை மாற்றியதும் கார்பரேட்டர் தும்மியது. ஒவ்வொரு முறையும் மாரிச்சாமி ஊரின் மறுகோடியில் இருக்கும் தின்கன்ஜூனிலிருந்து பை தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் பர்கத்துல்லா கூலியில் பேரம் பேசினார். மாரிச்சாமி ஒரு முறைகூட மறுக்கவில்லை.

"தங்கமான மனுஷன். கொடுக்கிறத வாங்கிட்டுப் போறாரு. இப்படி இருந்தா எப்படிக் குடும்பம் நடத்துவாரோ," என்று மைமூனிடம் பரிதாபப்பட்டார்.

"நடத்திடுவாரு," என்றாள் மைமூன் வெங்காயம் அரிந்தபடி.

இன்ஷா கடைக்கே வந்து சொல்லிப் பார்த்தாள். "வாப்பா, அவங்க சைக்கா ரிக்‌ஷாவுல வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

"உனக்குச் சந்தோஷம்மா. நான் வாக்குல்ல குடுத்துட்டேன். பூட்டு விக்கிறவன் வாக்கு தொறந்து கிடந்தா நாளைக்கு எவன் என்கிட்ட பூட்டு வாங்குவான்?"

வியாழக்கிழமை சாயங்காலம் கார் ஓடியது. ஒரே திருப்பில் உறுமி, அத்தனை மணிகளையும் அடித்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. பர்கத்துல்லா காருக்கு மல்லிகைச் சரம் வாங்கி மாட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் மாரிச்சாமி, யாரும் கூப்பிடாமலே, கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று வந்து பானெட்டைத் திறந்து மூடிவிட்டுப் போனார். அதற்கும் கூலி கேட்கவில்லை.

தெருமுனை வீட்டிலிருந்து மாப்பிள்ளை ரிஹான் மாலையோடு வந்து, முன்சீட்டை மடக்கி, தவழ்ந்து பின்சீட்டுக்குப் போனான். பர்கத்துல்லா பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

டிக்.

இன்னொரு தரம். டிக். ஒரு மணிகூட அடிக்கவில்லை.

சோப்புப் பெட்டியின் ஹாரன் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டது. "மச்சான்," என்றான் ஜுல்ஃபிகர், இனிமையாக.

பர்கத்துல்லா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்போது கார் நகர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தார். தெருவே பின்னால் நின்று தள்ளியது. டீக்கடைக்காரர், பேப்பர்காரர், ஐந்தாம் மாடி பர்மிய வாத்தியார், சைக்கா ஓட்டுகிறவர்கள், முந்தானையைச் செருகிக்கொண்டு மீன்காரம்மா, எல்லாருக்கும் முன்னால் சொர்ணம்மாள். ஸ்டார்ட் ஆகாத காரை இத்தனை சந்தோஷமாகத் தள்ளுகிற ஜனத்தை யாங்கூன் அதுவரை கண்டதில்லை. மேலே பால்கனிகளில் இருந்தவர்கள் தாங்களாகவே கயிற்றை ஆட்டி மணி அடித்தார்கள். சிவப்புக் கார், ஓசையில்லாமல், புகையில்லாமல், கொதிக்காமல், யானை அம்பாரிபோல் ஊர்ந்து பள்ளிவாசல் வாசலில் போய் நின்றது. வழியெல்லாம் போட்டோ எடுத்தார்கள். ஜுல்ஃபிகரின் வண்டி முந்த வழியில்லாமல் பின்னாலேயே உருண்டு வந்தது.

"மாமா, இந்த மாதிரி ஊர்வலம் யாருக்கும் வாய்க்காது," என்றான் ரிஹான், தவழ்ந்து வெளியே வந்து. வாக்கு பூட்டியபடியே இருந்தது.

மறுநாள் காலை சொர்ணம்மாள் கிண்ணத்தோடு கடை வாசலில் வந்து நின்றாள். பர்கத்துல்லாவுக்குக் கண் கலங்கியது.

"இந்தத் தெரு எனக்குச் செஞ்சதுக்கு நான் என்னம்மா செய்வேன்?"

"சந்தா குடுத்தாப் போதும், பாய்."

பர்கத்துல்லா கல்லாவைத் திறந்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, விலை கேட்காமல், இழுக்காமல், பத்தாயிரத்தை முழுசாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார். அதன்மேல் இன்னொரு பத்தாயிரத்தையும் வைத்தார்.

"அந்தப் பொது நிம்மதிக்குச் சேர்த்துக்குங்க."

சொர்ணம்மாள் நெகிழ்ந்துபோய் நோட்டுகளைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லா இருப்பீங்க, பாய். போன மாசம் நீங்க பாதியாக் கொறைச்சதாலதான், கோ மாரி காசு பத்தலைன்னு வயரைக் கழட்டாம விட்டு, வண்டி மூணு நாள் ஓடித் தொலைச்சிருச்சு."