தோற்ற புரோகிராமின் வக்கீல்

தமக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், பிள்ளைக்காகப் போடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். தோற்றுப்போன கம்ப்யூட்டர் புரோகிராமுக்காகக் கண் கலங்கி நியாயம் கேட்கிற இனத்தைப் பார்த்ததுண்டா? இல்லையென்றால் காலையில் ஒரகடத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு வாருங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து, சிவந்த கண்ணோடு இறங்குகிறானே கோவில்பட்டிக்காரன் சக்திகுமார், அவன்தான்.

பகலில் தூங்க வேண்டியவன். தாயாரம்மாள் வாடகைக்கு விட்டிருக்கும் தகரக்கூரை அறையில் ஒரே ஃபேன். அதன் கீழே ஒரு பாய்க்குத்தான் இடம். சித்திரை முழுக்க அந்த இடம் அவனுக்கா, அறைத்தோழன் ஜீவானந்தத்துக்கா? சீட்டுக் குலுக்கியிருக்கலாம். படித்த பிள்ளைகள் அல்லவா? ஆளுக்கொரு செஸ் புரோகிராமை ஆளுக்கொரு பழைய லேப்டாப்பில் ஏற்றி, இரண்டையும் இணைத்து, பட்டனைத் தட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்கள். அவை தாமாகவே நூறு ஆட்டம் ஆடும். ஜெயித்த புரோகிராமின் சொந்தக்காரனுக்குக் காற்று.

திரும்பி வந்து பார்த்தால், அறுபத்து மூன்றுக்கு முப்பத்தேழு என்று சக்திகுமாரின் புரோகிராம் மண்ணைக் கவ்வியிருந்தது. கட்டிக்கொடுத்த மகளைப் பட்டினி போட்டார்கள் என்று கேள்விப்பட்ட தகப்பனைப் போல அவன் நெஞ்சு பதைத்தது. குதிரை எப்படித் தாவும் என்று மட்டும் அவனைக் கேட்டுவிடாதீர்கள்.

இந்த இனத்துக்குத் தோல்வி தெரியாது. அநீதிதான் தெரியும். அதிலும் சக்திகுமார் குவாலிட்டி செக்‌ஷன். கெட்டுப்போன ஒவ்வொரு பாகத்துக்கும் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு ரிப்போர்ட் எழுதுகிறவன். புரோகிராமுக்கும் எழுதினான். ஏன் தோற்றது? மெதுவாக யோசித்தது. ஏன் மெதுவாக? சார்ஜர் கழன்றிருந்தது. மறுபடி ஆடவிட்டார்கள். மறுபடியும் தோற்றது.

“இன்னாப்பா ரோதனை இது,” என்றான் ஜீவானந்தம். “சார்ஜர்ன்ன, மாட்டியாச்சு. வெள்ளைக்காய் எனக்கே நெறைய வருதுன்ன, சரிபாதி ஆக்கியாச்சு. இப்போ இன்னா?”

“உன்னுது சன்னலோரம் காத்து வாங்குது. என்னுது மூலையில கெடந்து அவியுது. சூடேறுனா எப்படிடே யோசிக்கும் அது? அப்புறம், நாம இல்லாதப்ப ஆடுனது செல்லாது. கண்ணு முன்னால ஆடணும்.”

சத்தம் கேட்டு வந்த தாயாரம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். “ரெண்டையும் ஃபேனுக்குக் கீய வெச்சிட்டுப் போங்களேன்டா. சமமா காத்து வரும்.”

அவள் கேலிதான் பேசினாள். இவர்கள் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பாய் சுருட்டப்பட்டது. லேப்டாப்கள் அந்த இடத்தில் அருகருகே அமர்ந்தன. நூறு ஆட்டத்தில் உண்மை தெரியாது, ஆயிரம் வேண்டும் என்றான் சக்திகுமார். அதுவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தாராளமாக நேரம் கொடுத்து. ஆயிரம் ஆட்டம் முடியச் சித்திரையே போதவில்லை. இரண்டு இயந்திரங்களும் குளுகுளுவென்று யோசித்துக்கொண்டிருக்க, இரண்டு மனிதர்களும் ஆளுக்கொரு சுவரோரம் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, தூங்காமல் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். பரம திருப்தியோடு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கோ, ‘அந்த லேப்டாப் ரெண்டும் ஒரே மாடல்தானா?’ என்று உங்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்ததா இல்லையா? வந்திருந்தால், பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.