மாமா சரிசெய்த ஹார்ட் டிஸ்க்

"நகரு, நான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லை என்று சொல்லும் குடும்பத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். கம்ப்யூட்டர் லேசாக முனகினால் போதும், கூப்பிடாமலே வருவார். வந்தவர் "என்ன ஆச்சு?" என்று கேட்பாரா? மாட்டார். "யாரு இதுல கை வச்சது?" என்றுதான் கேட்பார். முதலில் குற்றவாளி, குற்றம் அப்புறம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தையல்கடை நடத்தும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அவளுடைய அக்கா புருஷன் வந்து சேர்ந்தார், அக்காவையும் கூட்டிக்கொண்டு. விஷயம் இதுதான்: அவளுடைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. குட்டி விளக்கு ஒருதரம் மினுக்கும், அணைந்துவிடும். ஓர் ஆஸ்பத்திரியின் நூற்று நாற்பது நர்ஸ்களையும் ஒவ்வொருவராக நிற்கவைத்து அளவெடுத்து, மூன்று வாரம் கண் எரிய எரிய அவள் வரைந்த சீருடை வெட்டுப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. துணியை மேசைமேல் விரித்தாயிற்று. திங்கட்கிழமை காலை வெட்டுகிறவர்கள் வருகிறார்கள். டிஸ்க் திறக்காவிட்டால் நூற்று நாற்பது பேரையும் மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டும். அதற்குள் ஆஸ்பத்திரி வேறு கடையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கவில்லையா என்று நீங்களும் கேட்காதீர்கள். மாமா நாலு தடவை கேட்டுவிட்டார்.

"மாமா, எனக்குக் கேபிள் மேலதான் சந்தேகம். வேற கேபிள் மாட்டிப் பாக்கலாமா?" என்றாள் மெதுவாக.

மாமா சிரித்தார். "கேபிளா! எல்லாரும் அப்படித்தாம்மா ஆரம்பிப்பாங்க. இது உள்விஷயம்."

உள்விஷயம் தொடங்கியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். டிஸ்க்கைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார், ஒரு குலுக்குக் குலுக்கினார், அவள் "ஐயோ மாமா" என்றதும் "பயப்படாதே, இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று இன்னொரு குலுக்கு போட்டார், யாரும் கேட்காத ஏதோ ஒரு மென்பொருளை இறக்கினார், இருந்த இரண்டை நீக்கினார், கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து அதில் எதையோ தட்டி, தப்பு என்று அது சொன்னதும் அதையே இன்னும் பலமாகத் தட்டினார். முக்கால் மணி நேரத்தில் பிரிண்டரும் தெரியாமல் போயிற்று.

"அதுக்கும் நான் பண்றதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் மாமா.

எழுந்திருங்கள் மாமா, கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லலாம். யார் சொல்வது? தம்பி என்றால் தலையில் தட்டி எழுப்பலாம். இவர் அக்கா புருஷன். அவரை எழுப்பினால், "உன் தங்கச்சிக்கு என்மேல நம்பிக்கை இல்ல" என்ற ஒரே வாக்கியத்தை அடுத்த ஆறு மாதத்துக்கு அக்காதான் கேட்டாக வேண்டும். அதனால் தங்கை உள்ளுக்குள் குமுறிக்கொண்டே மூன்றாவது டீ போட்டாள்.

டீ முடிந்ததும் மாமா தானாகவே எழுந்தார். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் பெரிய கம்பெனில இருக்கான். அவனை ஒரு வார்த்தை கேட்டுடறேன்." போனோடு பால்கனிக்குப் போனார். கேட்கப் போனவர், ஹார்ட் டிஸ்க் என்றால் என்ன என்பதை அந்த நண்பருக்கு விளக்கத் தொடங்கினார்.

இரண்டரை மணி நேரத்தில் முதல்முறையாக நாற்காலி காலியாக இருந்தது. அவள் பாய்ந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்து, சாக்பீஸ் துண்டுக்கும் நூல்கண்டுக்கும் அடியில் கிடந்த வேறொரு கேபிளை உருவி எடுத்து மாட்டினாள்.

விளக்கு எரிந்தது. அணையவில்லை. திரையில் நூற்று நாற்பது பேரும் பெயர் பெயராக வந்து நின்றார்கள்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கத்தவில்லை, கெட்டிக்காரி. ஒரு பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் அதற்கு நகலெடுக்கப் போட்டாள். இன்னும் பதினோரு நிமிடம் என்றது கம்ப்யூட்டர். பால்கனியிலிருந்து, "சரிடா, அப்ப வச்சுடறேன்" என்று சத்தம் கேட்டது.

டீ தம்ளரை எடுக்க வந்த அக்கா திரையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதரோடு பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா? நேரே பால்கனிக் கதவில் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"ஏங்க, அன்னைக்கு உங்க ஆபீஸ்ல அத்தனை கம்ப்யூட்டரும் ஒரேடியா படுத்துப்போச்சே, நீங்கதானே சரி பண்ணீங்க? எப்படிங்க பண்ணீங்க?"

பதினோரு நிமிடம் என்ன, அரை மணி நேரமே கிடைத்தது.

மாமா திரும்பி வந்தபோது பென் டிரைவ் தங்கையின் உள்ளங்கையில் இருந்தது. திரையில் டிஸ்க் தெரிவதைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான்.

"பாத்தியா! நான் மாத்தின செட்டிங் இப்பத்தான் வேலை செய்யுது. டைம் எடுக்கும்னு சொன்னேன்ல?"

"ஆமா மாமா." அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

"இதை இப்படியே விட்டா திரும்பவும் வரும். அடியோட சுத்தம் பண்ணிடணும்." ஃபார்மேட் என்பதை அழுத்தினார். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. படிக்கிற பழக்கம் மாமாவுக்கு என்றைக்கு இருந்தது?

"உள்ள இருக்கிறது போயிடாதா?" என்றாள் அக்கா, கேட்க வேண்டுமே என்பதற்காக.

"அதெல்லாம் எங்கேயும் போகாது" என்று சொல்லி அழுத்தினார். போயிற்று. "இப்ப பாரு, எவ்ளோ இடம்! பாவம், முன்னாடி மூச்சுமுட்டிக் கிடந்துச்சு."

"ரொம்ப நன்றி மாமா" என்றாள் தங்கை, உள்ளங்கையை மூடியபடி. அடுத்த பத்து நிமிடத்தில் குடும்பத்தின் வாட்ஸப் குழுவில், 'டிஸ்க்கைக் காப்பாற்றியாச்சு' என்று மாமா போட்ட செய்திக்குப் பதிமூன்று கைதட்டல்கள் விழுந்தன. அக்காவுடையதும் அதில் ஒன்று.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே ஒரு நிமிடம், போன மாதம் நீங்கள் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தீர்களே, அந்த வீட்டையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுந்ததும், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் நன்றி சொன்னார்களா? வாசல்வரை வந்து வழியனுப்பினார்களா? இருக்கட்டும். நடுவில் உங்கள் வீட்டம்மா, என்றைக்கும் இல்லாத திருநாளாக, உங்கள் பழைய ஆபீஸ் கதை ஒன்றை ஆசையாகக் கேட்டாரா?