பாத்ரூம் இல்லாத கிறிஸ்துமஸ்

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கோவிட் வந்தபோது ஊரே நடுங்கியது. எனக்கு மட்டும் 'நான் அப்பவே சொல்லல?' என்று இருந்தது.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டில் ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பு கிடையாது. பூசை கைப்பேசியில். எதைத் தொட்டாலும் எஸ்ஓபி என்று அரசாங்கம் ஒரு கோவிட் விதி சொல்லிக்கொண்டிருந்த காலம். வருவது மூன்றே பேர்: என் மகள் ஷீலா விரும்பிய ரூபன், அவன் அப்பா, அவன் அம்மா. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து முதல் முறையாகப் பெண் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். ரூபனின் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நானோ படிவம் ஒன்றோடு, பதிமூன்று வயதில், பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றவள். டீச்சர் என்று யாரைக் கண்டாலும் இன்றும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

நம் வீட்டில் அவர்களுக்குக் கிருமி ஒட்டிவிட்டால்? கல்யாணம் அதோடு போச்சு. பிறகு மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பிளீச்சை எடுத்து வாளித் தண்ணீரில் கலந்தேன். ஒரு மூடி போதும் என்று போத்தலில் போட்டிருந்தது. (ஒரு மூடியெல்லாம் தைரியசாலிகளுக்கு.) நான் நாலு ஊற்றினேன். மேசை, கதவுப்பிடி, கேட், எதையும் விடவில்லை. கிறிஸ்துமஸ் குடிலில் நின்ற மூன்று ராஜா பொம்மைகளையும் துடைத்தேன். ஒருவருடைய அங்கி வெளுத்துப்போனது. பழைய பொம்மை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக நாற்காலிக் குஷன்களை நனைத்துத் தேய்த்தேன். மேல்துணி சீக்கிரம் காய்ந்துவிட்டது. உள்ளே பஞ்சு எல்லாவற்றையும் குடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

டீச்சர் கத்தரிப்பூ நிறச் சேலையில் வந்தார். உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"நீச்சல் குளத்து வாசம் வருதே?"

"அம்மாதான் ஆன்டி, எல்லாத்தையும் கிளீன் பண்ணாங்க" என்றாள் ஷீலா.

"பரவால்லையே. இப்படித்தான் இருக்கணும்."

ஒரு தலைமையாசிரியை வாயிலிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு. கேக் எடுக்க அவர் முன்னால் சாயும்வரைதான் அது நிலைத்தது. தொடையோரம் கத்தரிப்பூ நிறம் காணாமல் போய், காரட் நிறம் வந்திருந்தது. குஷனுக்குள் இருந்த என் பிளீச் வேலையைக் காட்டிவிட்டது.

எழுந்தால் தெரிந்துவிடும். எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு? அவ்வளவு தூரம் யோசிக்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை.

என் கணவர் மைக்கல் தொண்டையைச் செருமினார். "சரி, எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஒரு ஜெபம் சொல்லிட்டு சாப்பிடலாம்."

"உக்காந்தே சொல்லலாம்!" என்று கத்தினேன். "எஸ்ஓபி!"

"ஜெபத்துக்குமா எஸ்ஓபி?"

"நின்னுகிட்டு சொன்னா மூச்சு ரொம்ப தூரம் போகுமாம்லா." (யார் சொன்னது? நான்தான்.)

உட்கார்ந்தே ஜெபித்தோம். பிரியாணியை அவரவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் கை கழுவ எழப் பார்த்தார். ஓடிப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். "ராணி மாதிரி கவனிக்கிறீங்க" என்று சிரித்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

"இல்லைங்க."

"என்ன இல்லை?"

"பாத்ரூம்... இல்லைங்க டீச்சர்."

மைக்கல் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் தான் எங்கே குளித்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்ட முகம்.

"அம்மா!" என்றாள் ஷீலா.

"இருக்கு... மூடி வெச்சிருக்கோம். எஸ்ஓபி."

ரூபனின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். "நாங்க வந்தது பிடிக்கலன்னா நேரா சொல்லிடலாம்லா. எதுக்கு இதெல்லாம்? வாங்க, கிளம்பலாம்."

ஷீலாவின் கண்கள் நிறைந்தன. கிருமி வந்து கெடுத்துவிடும் என்று பயந்த சம்பந்தத்தை, கிருமிக்கு வேலையே வைக்காமல் நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், உங்க சேலைய நான் பாழாக்கிட்டேன்!" என்று கையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

டீச்சர் எழுந்து, திரும்பி நின்று, கழுத்தை வளைத்துப் பார்த்தார். பின்பக்கம் குஷன் அகலத்துக்குக் காரட் நிறம். பிறகு தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் கொஞ்சம் எந்திரிங்க."

அவருடைய கறுப்புக் காற்சட்டையிலும் அதே சதுரம்.

"டேய் ரூபன், நீயும்."

மூவரும் எங்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள், ஒரே பள்ளிச் சீருடை போட்ட மாதிரி.

"எத்தனை மூடி ஊத்துனீங்க?"

"நாலு, டீச்சர்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாக அழுதேன். அவரோ சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, சிரிக்க வைக்காதீங்க. முதல்ல பாத்ரூமைத் திறங்க!" என்றார்.

அன்று மூவரும் எங்கள் வீட்டுக் கைலிகளில் பெட்டாலிங் ஜெயா திரும்பினார்கள். கல்யாணமும் நடந்தது. இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் விருந்து சம்பந்தி வீட்டில்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர்கள் பாத்ரூம் கதவில் ஓர் அட்டை தொங்கிவிடும்: 'சம்பந்தி அம்மாவுக்காகத் திறந்திருக்கிறது.' எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனாலும் உள்ளே போனால் தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டு, திரும்பத் திறக்காவிட்டால்?