துணிக் கூடையால் வந்த பதவி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். கைப்பேசிக்குத்தான் உடம்பு சரியில்லை, அதனால் இந்தக் கடிதம். நீ சுகமாக இருக்க வேண்டும். நேரில் வந்து திட்ட எனக்கு ஆள் வேண்டும்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக அழுக்குத் துணிக் கூடைக்குள் கையை விட்டேன். காலி. போன மாதம் எங்கள் பார்சல் அலுவலகத்தில் மனித நடத்தை பற்றி வகுப்பெடுத்தாயே, விட வேண்டிய பழக்கத்தைக் கைக்கு எட்டாமல் வை, வர வேண்டியதைக் காலில் இடறும்படி வை என்று. அன்று முதல், படுத்த பிறகும் அலுவலகச் செய்தி பார்த்துத் தூக்கம் கெடக் கூடாதென்று, கைப்பேசியைத் துணிகளுக்கு அடியில் புதைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். உன் அத்தானுக்குத் துவைக்கிற புத்தி வரட்டுமென்று அதே கூடையைக் குளியலறை வாசலில் வைத்தேன். மனுஷன் தினமும் அதைத் தாண்டித் தாண்டியே போனதால் எனக்கு ஆபத்து தெரியவில்லை. இன்று பார்த்து உன் விஞ்ஞானம் பலித்துவிட்டது.

"என்னங்க, கூடையில இருந்ததெல்லாம் எங்க?"

"மெஷின்ல சுத்துது. கால்ல இடிச்சுது, போட்டுட்டேன். பாராட்ட மாட்டியா?"

பாராட்டினேன், பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அந்த மெஷின் கதவு பாதியில் திறக்காது. கண்ணாடி வழியே கைப்பேசி அவர் பனியனைக் கட்டிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்தபடி நின்றேன்.

போனால் போகிறது, அதுவல்ல விஷயம். புகார்ப் பிரிவுத் தலைமை எனக்கு வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. கேட்டால் முடியாது என்று சொல்லத் தயாராக இருந்தேன். முன்பு அதில் இருந்தவர் தூக்கத்தில்கூட "உங்க பார்சல் வந்துட்டே இருக்குங்க" என்பாராம். அவர் மனைவி சொல்லி அழுதார். இன்று நான் தாமதமாக உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"ராத்திரியே செய்தி போட்டேனே மேடம்," என்றார் மேலாளர். "காலைக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்னு. உங்க தம்பி வகுப்புல கத்துக்கிட்டதுதான். வேண்டாம்னா சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, மாத்திடலாம்."

"உனக்குத் தூக்கம் வரவும் அவன்தான் வழி சொன்னான், போகவும் அவன்தான் வழி பண்ணிட்டான். நல்ல தம்பிடி," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

இனி எந்த ஊரிலாவது கண்ணாடிக் கோப்பை உடைந்தால் நான்தான் எழுந்திருக்க வேண்டும். எல்லாம் உன்னால்.

நீயும் உன் மனைவியும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். பிள்ளைகளிடம் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதே.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே உள்ளதை அப்படியே நம்பிவிடாதே. சாயங்காலம் மறுக்கத்தான் மேலாளர் அறைக்குப் போனேன். "சொல்லுங்க மேடம்," என்றார். "ராத்திரி எட்டுக்கு மேல யாருக்கும் செய்தி போகக் கூடாதுன்னு பிரிவுத் தலைவர் உத்தரவு போடலாமா?" என்று என் வாய் கேட்டது. தாராளமாகப் போடலாமாம். கேட்பவர் வாயைத் திறக்கும் முன்பே முடியாது என்று சொல்லிப் பழகியவள் நான். இந்த முறை யாரும் கேட்காததால் யோசித்துத் தொலைத்துவிட்டேன். பதவியை ஏற்றுக்கொள்ளப் போகிறேன். விரும்பித்தான் ஏற்கிறேன் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. உன் அத்தானுக்குச் சொல்ல அவசரமில்லை. என் நிம்மதியைக் கெடுத்துவிட்ட வருத்தத்தில் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்துக்கொண்டிருக்கிறார். போர்வைகளும் முடியட்டும்.