எல்லாருக்கும் ஒரு பதவி

“துணைத் தலைவர் பதவி எனக்குன்னு சொன்னீங்களா, இல்லையா?” என்று கேட்டான் சட்டக் கல்லூரிக்காரன்.

“சொன்னேன்,” என்றார் தலைவர்.

“எனக்கும்தானே சொன்னீங்க?” என்றாள் பக்கத்தில் நின்ற விவசாயக் கல்லூரிக்காரி.

“உங்களுக்கும் சொன்னேன்.”

தலைவருக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றதில், புறப்பட்ட பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

‘தலைவர்’ என்பது பட்டப்பெயர். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை அழிக்கும் பொறுப்பு கிடைத்த அன்றைக்கு அவர் நடை மாறியது. இன்னும் பழைய நடைக்குத் திரும்பவில்லை. இப்போது மாணவர் தலைமைத்துவப் பேரவையின் தேசியத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். பிற்பகலில் வாக்கெடுப்பு. ஜெயித்தே ஆக வேண்டும். பாதிப் பாடங்களில் கோட்டை விட்டிருந்த மகனிடம் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: “இதுலயும் தோத்தா, பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து நம்ம டயர் கடையில உட்காரு.” தலைவருக்கு டயர் வாடை ஆகாது. நாள் முழுக்க அப்பாவின் வசவைக் கேட்பது அதைவிட ஆகாது.

ஒட்டடை அவரை மாடிப்படிக்குப் பின்னால் இழுத்துப் போனான். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்த அறைத்தோழன். சுவரொட்டி ஒட்டியது, பேச்சு எழுதியது, சட்டைக்கு இஸ்திரி போட்டது எல்லாம் அவன்தான். பிரசாரம் தொடங்கிய அன்றே, “எனக்கும் ஏதாவது ஒரு பதவி...” என்று தலையைச் சொறிந்தான். “நீ நம்ம வீட்டுப் பிள்ளைடா, உனக்கெதுக்குப் பதவி?” என்று முதுகில் தட்டிக் கணக்கை முடித்துவிட்டார் தலைவர்.

“இணைத் துணைத் தலைவர்னு ஒண்ணு உண்டாக்கிடுவோம் தலைவரே,” என்றான் ஒட்டடை. “விதிப்படி எத்தனை பதவி வேணும்னாலும் உண்டாக்கலாம்.”

விதிப் புத்தகத்தின் அட்டையைத் தாண்டி உள்ளே போகாத தலைவருக்கு அது தேனாக இனித்தது. ஆளுக்கொரு பதவி கிடைத்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

செய்தி பரவியது. செயலாளர் பதவிக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“துணைத் தலைவர் ரெண்டு பேரு, செயலாளர் மட்டும் ஒண்ணா? எங்க காலேஜ் கிளை என்ன இளிச்சவாய்க் கிளையா?”

“முதன்மைச் செயலாளர், மூத்த செயலாளர்,” என்று தலைவரின் காதில் ஓதினான் ஒட்டடை.

அதற்கப்புறம் எதிரணி ஆட்களே வரத் தொடங்கினார்கள். தலைவரை எதிர்த்து நின்றவள் ஒரு பல் மருத்துவ மாணவி. அவள் யாருக்கும் எதையும் தருவதாகச் சொல்லவில்லை.

“அந்தப் பக்கம் என்ன குடுத்தாங்க?” என்று கேட்டார் தலைவர்.

“ஒரு டீ கூட இல்லைங்க.”

பதவிகளுக்குப் பெயர் தீர்ந்தது. ஒட்டடைக்கு மூளை தீரவில்லை. ஒருங்கிணைப்பாளர்கள் முளைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர்களை ஒருங்கிணைக்க ஒருவர் முளைத்தார். தலைமைப் பண்பை வளர்க்கும் பேரவையில் தொண்டன் என்று சொல்ல ஒருவன் மிஞ்சவில்லை.

“வாய்ப்பேச்சு வேண்டாம், இப்பவே மனு போடணும்,” என்று பிடிவாதம் பிடித்தான் சட்டக் கல்லூரிக்காரன்.

“போட்டுடட்டும் தலைவரே. நாளைக்கு யாரும் பேச்சு மாற முடியாது பாருங்க,” என்றான் ஒட்டடை.

எல்லாரும் வரிசையில் நின்று மனுப் போட்டார்கள். தேர்தல் அதிகாரி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேஜையில் குவிந்த மனுக்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“எல்லாரும் பல்லக்கு ஏறினா தூக்குறது யாருப்பா?”

தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. தேர்தல் அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“எந்தப் பதவிக்காவது மனு போட்டவங்களுக்கு, விதிப்படி, ஓட்டு கிடையாது. அவங்கல்லாம் எந்திரிச்சு வெளியே போயிடுங்க.”

நாற்காலிகள் கறகறவென்று நகர்ந்தன. துணைகள் போனார்கள், இணைகள் போனார்கள், ஒருங்கிணைப்பாளர்களும் அவர்களை ஒருங்கிணைப்பவரும் போனார்கள். தலைவர் காலி நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார். பிறகுதான் கவனித்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

ஒட்டடை!

போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டார்.

“கடைக்கு வேற ஆளைப் பாருங்கப்பா!”

ரகசிய வாக்கெடுப்பு முறைப்படி நடந்தது. ஒட்டடை திரைக்குப் பின்னால் போனான், வந்தான், பெட்டியில் சீட்டைப் போட்டான், டீ குடிக்கப் போய்விட்டான். அதிகாரி பெட்டியைக் குலுக்கித் திறந்தார்.

“பதிவான ஓட்டு ஒண்ணு. செல்லாத ஓட்டு இல்லை. பல் மருத்துவப் பொண்ணுக்கு ஒண்ணு. தம்பிக்குப் பூஜ்யம்.”

தலைவர் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சார், பையன் பதட்டத்துல மாத்திக் குத்திட்டான் சார்! முழு ஓட்டும் தன் தலையில வந்து விழும்னு அவனுக்கு எப்படி சார் தெரியும்? இப்படி ஒரு விதி இருக்கிறதே அவனுக்குத் தெரியாது சார்!”

“தெரியாதா?” என்றார் வாத்தியார். “போன வாரமே எங்கிட்ட வந்து, ரெண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டுப் போனாரேப்பா!”