வெல்லாத விருதுக்கு ஒரு நன்றியுரை

ஆர்வக்கோளாறை மருத்துவர்கள் இன்னும் ஒரு நோயாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டிருந்தால் இருபத்திரண்டாவது வயதில் என்னை ஓர் ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கவைத்திருப்பார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு நல்ல மனுசி ஊருக்கு முன்னால் தலைகுனிய நேர்ந்திருக்காது.

அது கொரோனாக் காலம். பல்கலைக்கழகம் கணினித் திரைக்குள் சுருங்கியிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்த நான், படம்பிடிப்பது எப்படி என்று இரண்டு கிழமை இணையத்தில் பார்த்துவிட்டு என்னை ‘இயக்குநர்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தேன். (வீட்டில் வேறு யாரும் அப்படி அழைக்கவில்லை.)

அப்போதுதான் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு தன் விருது விழாவை இணையவழியாக நடத்த முடிவு செய்து, வீடியோ எடுக்க ஆள் தேடியது. ஒருங்கிணைப்பாளர் திலினி என்னிடம், “செய்வாயா?” என்று சிங்களத்தில் கேட்டு முடிக்க முன்பே “செய்வேன்” என்றேன். சரியாகச் செய்தால் அங்கேயே வேலை கிடைக்கலாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஒழுங்காக விழவில்லை.

குப்பையைக் குறைத்தவருக்கான விருதில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இருவர். கொட்டாஞ்சேனை பிலோமினா அன்ரி ஒருவர். கிராண்ட்பாஸ் தையல்காரர் மன்சூர் நானா மற்றவர்.

மேடை இல்லாத விழாக்களில் வென்றவர் “ஹலோ, கேக்குதா? கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிடுவதை நான் கவனித்திருந்தேன். எனவே எனக்கு ஒரு யோசனை உதித்தது. இருவரிடமும் நன்றியுரையை முதலே பதிவு செய்து வைப்போம். விழாவன்று வென்றவருடையதை மட்டும் போடுவோம்.

திலினி சற்று யோசித்தார். “சரி. ஆனால் இது முடிவு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.”

“கட்டாயம்,” என்றேன்.

பிலோமினா அன்ரி ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர். ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் எட்டு நீலப் பீப்பாக்கள் வைத்து, பதினாறு வீட்டுச் சமையலறைக் கழிவையும் செடிகளுக்குப் பசளையாக்கிக்கொண்டிருந்தார். சுற்றிவரச் சாடிகளில் கறிவேப்பிலையும் மிளகாயும் நின்றன. அன்ரி ஒரு பீப்பாவின் மூடியைத் திறந்தார்.

“மோந்து பார் பிள்ளை. நாறுதா?”

குனிந்து பார்த்தேன். மழை பெய்த மண்ணின் மணம்.

“இதைத்தான் எங்கட மாஸ்டர் நாறுது எண்டு சொல்றார். மனுசனுக்கு மூக்கில ஏதோ வருத்தம்.”

மாஸ்டர் படிவாசலிலேயே நின்றிருந்தார். செபமாலை மாஸ்டர், கட்டடக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

“மூக்கு எனக்கு நல்லாத்தான் இருக்கு, பிலோமினா. கூட்டத்தில முடிவெடுத்தாச்சுதானே. விருது கிடைச்சா பீப்பா இருக்கும். கிடைக்காட்டி ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட எட்டும் கீழ இறங்கும்.”

அன்ரி சிரித்தார். ஆனால் மூடியை மூடிவிட்டு, அதன் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். நாலு வருட உழைப்பு அது. இயக்குநரான நான் அதைப் பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? ‘ஐயோ, இது பதிவாகவில்லையே!’

நன்றியுரைக்கு வந்தோம். முதல் தடவை அன்ரி பூசையில் வாசகம் வாசிப்பதுபோலச் சொன்னார். இரண்டாம் தடவை அலுவலகச் சுற்றறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அன்ரி, உணர்ச்சி காணாது. நீங்க வெண்டிட்டீங்க எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. இனி ஒருத்தரும் பீப்பாவில கைவைக்க ஏலாது. அப்ப எப்பிடி இருக்கும்?”

அன்ரி என்னை உற்றுப் பார்த்தார். “வெண்டிட்டன் எண்டு வைச்சுக்கொள்ளவா?”

“ஓம்.”

“நேரா சொல்லக்கூடாதுதானே? எனக்கு விளங்குது பிள்ளை.” ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அபாரமான நடிப்பு என்று நினைத்தேன். கொழும்பில் எந்த அலுவலக முடிவும் கடிதமாக வருவதற்கு முன், உள்ளே இருக்கும் யாரோ ஒருவரின் ஜாடையாகத்தான் வரும். முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த அன்ரிக்கு அது தெரியும். எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் தடவை அன்ரி அழுதார். உண்மையான, வாய்விட்ட அழுகை. நான் துள்ளினேன். “விடாதீங்கோ அன்ரி! இடப்பக்கம் திரும்புங்கோ! மூக்கைத் துடைக்காதீங்கோ, வெளிச்சம் நல்லா விழுது!”

இது முடிவு இல்லை என்று சொல்ல மறந்துவிட்டேன். (மறக்கவில்லை. சொன்னால் அழுகை நின்றுவிடும் என்று சொல்லாமல் விட்டேன். இப்போதாவது உண்மையை எழுத வேண்டும்.)

அடுத்த நாள் கிராண்ட்பாஸில் மன்சூர் நானாவுக்கும் அதே வசனத்தைச் சொன்னேன். எறியப்படும் வெட்டுத் துணிகளில் பைகள் தைத்துச் சந்தைக் கடைகளுக்குக் கொடுப்பவர் அவர். அழவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி மனைவியிடம் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் செய்யச் சொன்னார். எனக்காகத்தான் என்று நினைத்து மூன்று துண்டு சாப்பிட்டேன்.

விழா சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. அன்று காலை திலினி முடிவை அனுப்பினார்: மன்சூர் நானா. அன்ரியின் பதிவை வெட்டிச் சீராக்கும் வேலை மிச்சம் என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. பீப்பாக்களின் நினைவு பிறகுதான் வந்தது. சற்று நேரத்தில் அன்ரியிடமிருந்து கைபேசிக்கு ஒரு படமும் வந்தது. கொட்டாஞ்சேனைக் கட்டட வாசலில் ஆறடிப் பதாகை. ‘விருது வென்ற திருமதி பிலோமினா அவர்களை வாழ்த்துகிறோம்.’ கீழே செபமாலை மாஸ்டரின் படம், அன்ரியின் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக.

ஓட்டோ பிடித்து ஓடினேன். மண்டபங்களில் ஆட்கள் கூடத் தடை என்பது மொட்டைமாடிக்குத் தெரியாது. கதிரைகள், தொலைக்காட்சிப் பெட்டி, கேக். மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். “இந்தப் பீப்பாக்களுக்கு ஆரம்பத்தில இருந்தே நான் ஆதரவு…”

“அன்ரி, ஒரு விஷயம்…”

“முதல்ல கேக்கைச் சாப்பிடு.”

“இல்ல அன்ரி, முடிவு இன்னும்…”

“தெரியும், தெரியும். நாலு மணிக்குத்தானே சொல்லுவாங்க.” மீண்டும் அந்தக் கண்சிமிட்டல்.

சொல்லியிருக்க வேண்டும். அன்ரி புதுச் சேலை கட்டியிருந்தார். நான் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.

நாலு மணி. எங்கள் சாப்பாட்டு மேசைதான் விழாவின் கட்டுப்பாட்டு அறை. பிரதம விருந்தினர் மன்சூர் நானாவின் பெயரை வாசித்தார். நான் அவருடைய நன்றியுரையை ஓடவிட்டேன். பிறகு கொட்டாஞ்சேனை முகங்களைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்களைப் பொத்திக்கொண்டேன்.

நானாவின் வீடியோ முடிந்தது. என் கணினி தானாகவே கோப்புறையில் இருந்த அடுத்த வீடியோவுக்குப் போனது. அது அன்ரியின் மூன்றாம் தடவைப் பதிவு. வெட்டாத, சீராக்காத, முழுப் பதிவு.

“நீங்க வெண்டிட்டீங்க எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ,” என்று நாடு முழுவதற்கும் என் குரல் கேட்டது.

நிறுத்தப் போய் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன். அன்ரியின் அழுகை திரை முழுவதற்கும் பெரிதானது. “மூக்கைத் துடைக்காதீங்கோ!” என்றது என் குரல்.

குசினிக்குள்ளிருந்து அம்மா அகப்பையோடு வந்தார். “உன்ர குரல்தானே? ஆரைப் போட்டு அழவைக்கிறாய்?”

ஒருவழியாகக் கணினியின் மூடியை அறைந்து சாத்தி, திரும்பத் திறந்தபோது சின்னச் சின்னச் சதுரங்களில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனைச் சதுரத்தில் புதுச் சேலையோடு அன்ரி கதிரையில் தொப்பென்று உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பொய் சொல்லிக் கேக் வெட்டிய மனுசி என்று நினைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஒலிவாங்கியைத் திறந்தேன்.

“பிழை என்ரதான். இது முடிவில்லை எண்டு சொல்லச் சொல்லி என்னட்டச் சொன்னவை. நான் சொல்லேல்ல. அன்ரி ஒருத்தரையும் ஏமாத்தேல்ல.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “அப்ப விருது இல்ல. முடிவு முடிவுதான். நாளைக்குப் பீப்பா இறங்கும்.”

அந்த நேரத்தில் கிராண்ட்பாஸ் சதுரம் பேசியது.

“எங்கிட்டயும் இந்த மகள் இப்படித்தான் சென்ன. எங்கட ஊட்டிலயும் மூணு நாளைக்கு முந்தியே வட்டிலப்பம் குடுத்து முடிஞ்சி.” சில சதுரங்களில் சிரிப்பு. மன்சூர் நானா சிரிக்காமலே தொடர்ந்தார். “மாஸ்டர், நீங்க எறக்குறண்டா எங்களுக்குத் தாங்க. எங்கட மாடி சும்மாதான் கிடக்கு. நாளைக்கே லொறி அனுப்புறன். பிலோமினா அக்காவும் வந்து எங்கட ஆக்களுக்குச் சொல்லிக்குடுக்கட்டும்.”

மாஸ்டரின் முகம் மாறியது. “என்ன கதை இது? எங்கட பீப்பாவைக் கிராண்ட்பாசுக்குத் தூக்கிக் குடுக்கவா? பதினாறு வீட்டுக் கறிவேப்பிலை அதாலதான் வளருது!”

“நாறுது எண்டீங்களே மாஸ்டர்?” என்றார் அன்ரி, கதிரையிலிருந்து எழும்பாமலே.

“நாறினா என்ன? எங்கட நாத்தம்தானே!”

அந்த விழாவில் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது. எந்த வீடியோவும் நான் எடுக்காமலே.

பீப்பாக்கள் இறங்கவில்லை. பதாகையும் இறங்கவில்லை, ‘விருது வென்ற’ என்பதன் மேல் ‘இறுதிச் சுற்றுக்கு வந்த’ என்று மாஸ்டர் கடதாசி ஒட்டினார். அன்ரி இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை அழைத்து, “கிராண்ட்பாசுக்குப் பசளை போடச் சொல்லிக்குடுக்கப் போறன். வாறதெண்டா வா. கமெராவைக் கொண்டுவராத,” என்றார். போனேன். பீப்பாக்களுக்குத் துளை போட்டேன். இன்று அந்தக் கிராண்ட்பாஸ் மாடியில் ஆறு பீப்பாக்கள் நிற்கின்றன. மன்சூர் நானா தன் பைகளிலேயே பசளை கட்டிக் கொடுக்கிறார்.

திலினி என்னைத் திட்டவேண்டிய அளவுக்குத் திட்டிவிட்டு, சில மாதங்களுக்குப் பிறகு வேலைக்கும் எடுத்தார். பிழையை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்ட ஆள் என்பதற்காகவாம். செய்தி கேட்டுக் குசினிக்குள் ஓடினேன்.

“அம்மா, எனக்கு வேலை கிடைச்சிட்டுது!”

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “கிடைச்சிட்டுதோ, இல்லாட்டிக் கிடைச்சிட்டுது எண்டு வைச்சுக்கொள்ளவோ?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நல்ல செய்தியும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் உள்ளே வருவதில்லை. போன மாதம் அண்ணாவுக்குப் பொம்பிளை பார்த்துக் கல்யாணம் முற்றாகிவிட்டது என்று மாமா தொலைபேசியில் சொன்னார். அம்மா சந்தோஷப்படுவதற்கு முன் அவரிடமே கேட்டார்:

“பொம்பிளை தன்ர வாயால ஓமெண்டு சொன்னவளோ, இல்லாட்டி எங்கட மகள் போய்ப் படம்பிடிச்சவளோ?”