மெரூன் தோலில் தங்க எழுத்தில் என் பெயர்

புத்தகம் சேர்க்கிறவர்கள் எல்லாரும் புத்தகம் படிக்கிறவர்கள் என்று தாராவியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் சந்தில் எனக்கு அவ்வளவு மரியாதை. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பது வரைக்கும் என்னிடம்தான் கேட்க வருவார்கள். உண்மை என்னவென்றால் எனக்கு இருப்பது முதல் பதிப்புப் பைத்தியம். ஒரு பழைய புத்தகம் கைக்கு வந்தால் முதலில் பதிப்பு விவரம் போட்ட பக்கத்தைப் பார்ப்பேன். பிறகு எழுதியவரின் கையெழுத்து இருக்கிறதா என்று தேடுவேன். அப்புறம் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பூட்டிவிடுவேன். கதை எப்படி என்று யாராவது கேட்டால், "ரொம்ப ஆழமா எழுதியிருக்கார்" என்பேன். (இந்த ஒரு வரி எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தும். நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.)

மச்சானுக்கு இதெல்லாம் தெரியாது. மச்சான் என்றால் என் வீட்டுக்காரர் மைதீன். தாய்மாமா மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலும் மச்சான், பின்னாலும் மச்சான். தாராவியில் சொந்தமாகத் தோல் கார்கானா வைத்திருக்கிறார். பை, பர்ஸ், கம்பெனிகளுக்கு டைரி உறை எல்லாம் அங்கே தயாராகும். அவர் படித்தது இந்தி மீடியம். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. ஆனால் நான் ஐரோலியில் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் பழைய பேப்பர் கடையில் இறங்கி, கை நிறையத் தூசியோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பொண்டாட்டி பூட்டி வைக்கிறாள் என்றால் அது தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அப்படி ஒருநாள், மாதுங்காவில் இடிக்கப்போகும் ஒரு பழைய கட்டடத்திலிருந்து வந்த மூட்டையில் அந்தச் சிறுகதைத் தொகுப்பு கிடைத்தது. முதல் பதிப்பு. மறுபதிப்பே வராத புத்தகம். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுத்தாளரின் கையெழுத்து. அட்டை மட்டும் ஓரம் கிழிந்து, ஒரு மூலையில் தேநீர்க் கறையோடு இருந்தது. (புத்தகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பட்டது போதும்.) எழுத்தாளர் இன்னும் இருக்கிறார், செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். ரயில் கூட்டத்தில் கசங்கிவிடும் என்று புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. வாயை மட்டும் கொண்டுபோனேன்.

"கையெழுத்து கிடக்கட்டும்மா," என்றார் பெரியவர், நான் பெருமையடித்து முடிப்பதற்குள். "அட்டை இருக்கா?"

"இருக்கு சார். கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கிழிஞ்சா என்ன? அது கமலா போட்ட படம்."

கமலா அவர் மனைவி. இறந்து பல வருடம் ஆகிறது. அந்த அம்மாள் வரைந்து அச்சில் வந்தது அந்த ஒரே படம்தான் என்று மகள் விஜி சொன்னார். "வீட்ல இருந்த காப்பியெல்லாம் மழை வெள்ளத்துல போயிடுத்து. அப்பாவுக்கு இப்போ கண்ணும் போயிண்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க ஒரு போட்டோ அனுப்பினாக்கூடப் போதும்."

இங்கேதான் என் அரைகுறை அறிவு குறுக்கே வந்து நின்றது. பழைய காகிதத்தின் மேல் வெளிச்சம் படவே கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். "போட்டோ எல்லாம் எடுக்கக் கூடாது, பேப்பர் செத்துரும். வர்ற ஞாயித்துக்கிழமை மாதுங்கால உங்க பிறந்தநாள் கூட்டம் இருக்குல்லா? நேர்லயே பாருங்க சார்," என்றேன், ஏதோ மியூசியத்துக்கே பொறுப்பாளர் மாதிரி. பெரியவர் சிரித்தார். "பாத்துட்டேன்னா போதும்மா, அப்புறம் கண்ணு போனாப் போகட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தப் புத்தகத்தை ஊரே பார்க்கப்போகிறது, இதை வைக்க நல்லதாக ஒரு தோல் பெட்டி செய்து தாருங்கள் என்று கேட்டேன். அளவுக்காகப் புத்தகத்தையும் கொடுத்தேன். பத்திரம், இது நம் வீட்டிலேயே உசத்தியான பொருள் என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"ஏளா, இவ்வளவு உசத்தின்னு சொல்லுத. பாத்தா பாவமால்லா இருக்கு?" என்றார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் காட்கோபரில் வெள்ளைக் கையுறை வாங்கும் மும்முரத்தில் இருந்தேன். அரிய நூல்களைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டுமாம். கிடைத்தது கல்யாண பேண்டு வாசிக்கிறவர்கள் போடுகிற ஜோடி. மணிக்கட்டில் ஜரிகை வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "பாலிஷ் இன்னும் காயல. இங்க தொறக்காத, அங்க போயித் தொற." கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரும் என்கூட வந்தார். தமிழ்க் கூட்டம் எதற்கும் அதுவரை வராதவர், ஹாலின் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

மேடையில் நான் கையுறை மாட்டினேன். முன் வரிசையில் ஒருவர் இருமினார். (சிரிப்பை அடக்கினார் என்று பிறகு விஜி சொன்னார்.) பெரியவரை விஜி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். நான் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே பளபளவென்று மெரூன் ஆட்டுத்தோலில் ஒரு புத்தகம் இருந்தது. நடுவில் தங்க எழுத்தில், ஆங்கிலத்தில், ஜமீலா.

வேறு யாருடைய ஆர்டரோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிரித்தேன். அதே கதைகள், அதே மஞ்சள் தாள். மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து மழமழவென்று வெட்டியிருந்தது. முதல் பக்கத்தின் மேல் ஓரத்தோடு கையெழுத்தில் பாதியும் போயிருந்தது. அட்டை இல்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"நீங்களே எழுதினதா? கங்கிராஜுலேஷன்ஸ்," என்றார் இருமியவர்.

பெரியவர் பூதக்கண்ணாடியைத் தோலின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். என் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தாண்டிப்போய் மறுபடி தொடக்கத்துக்கே வந்தார். "அட்டை தனியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். மச்சான் அதுவரைக்கும் சிரித்த முகமாகத்தான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஒரு கதை வாசிப்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்ததால், அழுதுவிடுவேன் என்று தெரிந்தும் தட்டுத்தடுமாறி வாசித்தேன், உட்கார்ந்தேன். கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

டாக்சியில் அவர்தான் முதலில் பேசினார். "நல்ல பெட்டிக்குள்ள கிழிஞ்ச சட்டைய வைக்க மனசு வரல, ஜமீலா. ஓரம் பிசிறு பிசிறா இருந்துச்சு. பினிஷிங் இல்லாம சாமான் வெளிய போனா கார்கானாவுக்குல்லா கேவலம்? அதான் மேல இருந்த அந்தப் பேப்பர் அட்டைய உரிச்சுட்டு, ஒம் பேரப் போட்டேன். ஒனக்குன்னு என்னைக்காவது ஏதாவது செஞ்சிருக்கனா நான்?"

திட்ட வேண்டும் என்று ஒரு நீளமான வாக்கியத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு அதை விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிப் பையில் போட்டேன்.

கார்கானா கழிவைக் காலையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தாராவியில் பேப்பர் ஒரு இடத்தில் தங்குவதில்லை. மச்சான் வேலையைப் போட்டுவிட்டு கோடவுன் கோடவுனாக ஏறி இறங்கினார். கட்டுக்கட்டாகப் பிரித்துத் தேடினார். அவருக்கு அந்தப் படம் சரியாக நினைவில்லை. பெண் உருவம் ஒன்று இருந்தது என்பது மட்டும் தெரியும். அதனால் பெண் படம் போட்ட பழைய தாள் எதைக் கண்டாலும் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து தரையில் பரப்பினால் கூந்தல் தைலப் பெட்டி, புடவைக் கடைக் காலண்டர், ஊதுபத்தி உறை, யாருடைய நிக்காஹ் பத்திரிகையோ ஒன்று. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அது சிரிப்பாகவே இல்லை. அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அந்தப் பையோடு இரண்டு பேரும் செம்பூர் போனோம். கிடைக்கவில்லை என்று நான் மட்டும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "தப்பு நான் செஞ்சது, நான்தான் முகத்தக் காட்டணும்," என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மச்சான் நீட்டிய ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது இல்லை. இதுவும் இல்லை. இவ ரொம்ப அழகா இருக்கா," என்று தைலப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். வெட்டிய கையெழுத்தைக் காட்டியபோது, "என்னைப் பாதி ஆளாக்கிட்டேளே," என்று மச்சானின் தோளில் தட்டினார். மச்சான் அழுதுவிட்டார். தோல் வெட்டும் அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அழாதீங்கோ. படம் எனக்கு மனப்பாடம்," என்றார் பெரியவர். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "நாங்க இருந்த சால், அந்த வரிசை வீடுகளோட பொதுக் குழாய். பொம்மனாட்டிகள் வரிசையா நிக்கறா. கடைசியில நிக்கறவ மட்டும் திரும்பிப் பாக்கறா. அது கமலாதான், தன்னையேதான் போட்டுண்டா. ஒரு கை இடுப்புல. இன்னொரு கையில வாளி." அங்கே நிறுத்தினார். விரல்கள் காற்றில் கொஞ்சம் அசைந்தன. "எந்தக் கையில வாளி?"

விஜிக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் பார்த்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் வச்சிருந்தியேம்மா. நீ சொல்லு."

எனக்கு அந்தத் தேநீர்க் கறை எந்த மூலையில் இருந்தது என்று தெரியும். கிழிசல் எவ்வளவு நீளம் என்று தெரியும். எந்த அச்சகம், என்ன தாள், கையெழுத்தின் மை என்ன நிறம், எல்லாம் தெரியும். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. தினமும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறேன். ஒருநாள்கூட அவளைப் பார்த்ததில்லை.

"ஞாபகம் வரல சார்," என்றேன்.

"பரவாயில்லை. வந்தா ஒரு போன் போடு," என்றார்.

எங்கள் வீட்டில் இன்று வரை இதுதான் பெரிய ஜோக். நான் சாவியைத் தேடினால், "மம்மி, பால்டி கோன்ஸே ஹாத் மே?" என்று கேட்பாள் என் மகள் ஷிஃபா. வாளி எந்தக் கையில் என்று அவளுக்குத் தமிழில் கேட்க வராது. சான்பாடாவிலிருந்து வரும் நாத்தனார் வீட்டுப் பிள்ளைகள், கையுறை மாட்டி மேடை ஏறும் என்னை நடித்தே காட்டுவார்கள். மெரூன் புத்தகத்தை எழுதியது நான்தான் என்று புதிதாக வரும் மருமகள்களிடம் சொல்லி வைப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், பலமாகவே சிரிப்பேன். மச்சான் மட்டும் சிரிப்பதில்லை. இடது கையாகத்தான் இருக்கும் என்பார் ஒருமுறை. அடுத்த முறை வலது என்பார்.

பெரியவர் அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். பார்வை அதற்கு முன்னாலேயே போயிருந்தது. துக்கம் கேட்க நாங்கள் செம்பூர் போனபோது விஜி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போன் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணான்னு கேட்டுண்டே இருந்தார்." எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. இனி வந்தாலும் போன் போட ஆள் இல்லை.